பினாங்குப் பாதிரியாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும்

(கேமரன் மலை, தானா ராத்தாவில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். நானோ ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏற்பாட்டாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. “ஐயா, வள்ளுவர், பாரதி, இப்படி யாராவது இருந்தால் நல்லது” என்றார். வள்ளுவரைப் பற்றிப் பேச இந்த நாட்டில் ஆயிரம் மேடை உண்டு. இந்தப் பாதிரியாரைப் பற்றிப் பேச மேடை குறைவு. ஆனால், நம் பிள்ளைகள் முதுகில் சுமந்து போகிற புத்தகப் பைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு.

அவர் பெயர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகப் பினாங்குக்கு வந்தார். 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற பள்ளிக்கூடத்தை அவர் திறந்தார். அந்தப் பள்ளியில் தமிழுக்கும் ஒரு வகுப்பு வைத்தார். அந்த நாளைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் பிறந்த நாள் என்று கொண்டு, 2016இல் நாடெங்கும் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். மாலை போட்டோம், மலர் வெளியிட்டோம், பேசினோம். விழா முடிந்ததும் அந்த மனிதரை மறந்துவிட்டோம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி இரண்டு முறை பிறந்தது. ஒரு முறை, 1816இல், பினாங்குத் துறைமுகப் பட்டணத்தில், ஒரு பாதிரியாரின் திட்டத்தில். இன்னொரு முறை, 1912இல், தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதியில். முதல் பிறப்பில் தமிழ்ப் பிள்ளை மாணவன். இரண்டாம் பிறப்பில் அவன் கூலிக்காரரின் பிள்ளை. எந்தப் பிறப்பை நம் பிறப்பு என்று சொல்லப் போகிறோம்? எந்த அளவுகோலால் நம் பள்ளியை அளக்கப் போகிறோம்?

அதற்கு, முதலில் இங்கிலாந்துக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும். பயப்படாதீர்கள், விரைவில் திரும்பிவிடுவோம்.

பாதிரியாரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருப்பது அந்த நாட்டில் நெடுங்கால வழக்கம். பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமென்றால் பிஷப்பிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றே சட்டம் இருந்த காலம் அது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ரிச்சர்டு மல்காஸ்டர். 1561இல் லண்டனில் மெர்ச்சண்ட் டெய்லர்ஸ் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைமை ஆசிரியர். இருபத்தைந்து ஆண்டு அங்கே உழைத்தார். சம்பளத்துக்காக நிர்வாகத்தோடு சண்டை போட்டார். பிறகு புனித பால் பள்ளிக்கும் தலைமை ஆசிரியரானார். ஒரு கிராமத்துக் கோயிலுக்கும் பாதிரியாரானார். 1611இல் இறந்தார். ஸ்பென்சர் என்ற பெருங்கவிஞர் அவரிடம் படித்த பையன். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர். ஆனால் பையன்கள் பந்து விளையாட வேண்டும், அதுவும் முறையாக, கண்காணிக்க ஓர் ஆளை வைத்து விளையாட வேண்டும் என்று 1581லேயே புத்தகத்தில் எழுதியவர். நம் பிள்ளைகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

அவர் ஏன் இங்கே வருகிறார்? அன்றைக்கு இங்கிலாந்தில் படிப்பு என்றால் லத்தீன். இலக்கணம் லத்தீனில். சட்டம் லத்தீனில். மருத்துவம் லத்தீனில். வீட்டில் பேசுகிற ஆங்கிலத்தைப் பள்ளியில் பேசினால் பல இடங்களில் தண்டனை. ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது, கடல் தாண்டினால் எவனுக்கும் புரியாத பாஷை, அதை வைத்துக்கொண்டு என்ன வேலை கிடைக்கும் என்று பெரிய மனிதர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் இல்லையா? அந்தக் காலத்தில், 1582இல், மல்காஸ்டர் ஒரு நூல் எழுதினார். லத்தீனை மதித்துக்கொண்டே, நம் சொந்த மொழிக்கு எதையும் சொல்லும் வலிமை உண்டு, அறிவுக்காக ஏன் இன்னொரு மொழிக்கு அடிமையாகக் கிடக்க வேண்டும் என்று அதில் வாதாடினார். ஏறத்தாழ எட்டாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அப்போது ஷேக்ஸ்பியருக்குப் பதினெட்டு வயது. ஒரு நாடகமும் எழுதியிருக்கவில்லை. சோறு போடாத மொழி என்று ஆங்கிலத்தை ஆங்கிலேயரே சொன்ன காலம் ஒன்று இருந்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கப்பல் ஏறுவோம். சென்னைக்கு வருவோம்.

1787. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் இறங்குகிறார். பிறந்தது ஸ்காட்லாந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர். அப்பா முடிதிருத்துபவர். மகன் படித்தார், அமெரிக்கா போய் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், திரும்பி வந்து ஆங்கிலத் திருச்சபையில் பாதிரியானார், இந்தியாவுக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் பட்டாளத்துக்காரர்களின் அநாதைப் பையன்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகள். பலருக்கு அம்மா இந்தியப் பெண். அந்தப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெல்லுக்கு வந்தது. சம்பளம் வேண்டாம் என்றார். பெரிய தியாகம் என்று கைதட்டிவிடாதீர்கள். பட்டாளத்துப் பாதிரி வேலைகள் பலவற்றை அவர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். நூற்றுச் சொச்சம் பவுண்டோடு வந்தவர், ஒன்பது வருஷம் கழித்து ஏறத்தாழ 25,000 பவுண்டோடு ஊர் திரும்பினார். சம்பளம் வேண்டாம் என்று சொல்ல வசதி இருந்தது.

பள்ளியில் நிலைமை மோசம். வாத்தியார்களுக்கு ஆர்வம் இல்லை. பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. அப்போதுதான் அந்தச் சம்பவம். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பெல் பார்த்தார்.

அவர் பார்த்தது என்ன? திண்ணைப் பள்ளிக்கூடம். தரையில் மணலைப் பரப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்காட்டி விரலால் மணலில் எழுத்தைப் போடுகிறான் ஒருவன். வாய் அதே எழுத்தை உரக்கச் சொல்கிறது. தப்பாகப் போட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு, மணல் சமமாகிவிடும், மறுபடி எழுதலாம். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், இறகு வேண்டாம். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருவதற்கு முன்னால் விரல் பழக வேண்டிய இடம் அது. பக்கத்தில் நிற்பது வாத்தியார்கூட இல்லை. சட்டாம்பிள்ளை. சின்னவனுக்குப் பெரியவன் சொல்லிக் கொடுக்கிறான். வாத்தியார் திண்ணையின் மறுமுனையில் வேறு யாருக்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்த அரங்கில் இருக்கும் தாத்தாக்களில் சிலர் மணலில் அ, ஆ போட்டிருப்பீர்கள். உங்களுக்கு இது அதிசயம் இல்லை. பெல்லுக்கு அது அதிசயம். குதிரையைத் திருப்பினார். பள்ளிக்கு வந்தார். பலகையில் மணலைப் பரப்பச் சொன்னார். வாத்தியார்கள் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் நடக்காது என்றார்கள். பெல் பிடிவாதக்காரர். வாத்தியார் மறுத்தால் என்ன, பையன் இருக்கிறான் அல்லவா என்று, ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு நீ எழுத்துச் சொல்லிக் கொடு என்றார். பெரிய வாத்தியார் முடியாது என்றதை எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான்.

1797இல் லண்டனில் இதைச் சின்னப் புத்தகமாகப் போட்டார் பெல். பிறகு நடந்தது வரலாறு. ‘மதராஸ் முறை’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஜோசஃப் லங்காஸ்டர் என்பவர் இதே மாதிரி முறையோடு போட்டிக்கு வந்தார். யார் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் பெரிய சண்டை. திண்ணையில் உட்கார்ந்திருந்த சட்டாம்பிள்ளையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை! 1811இல் ஆங்கிலத் திருச்சபை ஒரு தேசியக் கல்விச் சங்கம் தொடங்கி, ஊர் ஊராக இந்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், ராஜாக்கள் படுத்திருக்கும் இடத்தில் அவரைப் புதைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் ஒரு பள்ளிக்கு ‘மதராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மதராஸ் காலேஜில் படிக்கிறார்கள்; ஏன் அந்தப் பெயர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

நம் திண்ணைக்குக் கிடைத்த பெருமை என்று இதோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். நான் நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மணலும் சட்டாம்பிள்ளையும் இருந்தால் வாத்தியாருக்குச் செலவு இல்லை. நூறு பிள்ளைக்கு ஒரு வாத்தியார் போதும். அரசாங்கத்துக்கும் முதலாளிக்கும் இது எவ்வளவு பிடித்துப்போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெல்லே ஒரு கட்டத்தில், ஏழைகளின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட எல்லாருக்கும் வேண்டியதில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்கிற வகையில் எழுதினார். அதிகம் படித்தால் தன் நிலையை மறந்துவிடுவான் என்ற பயம். திண்ணையிலிருந்து மணலை எடுத்துக்கொண்டு போனவர், ஏழைப் பிள்ளைக்குப் படிப்பை அளந்து ஊற்றச் சொன்னார். இந்த அளந்து ஊற்றுகிற பழக்கம் பிறகு நம் தோட்டத்துக்கும் வந்தது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், ஹட்சிங்ஸ்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். அதற்குப் பின்னால் வந்தவர்களில் சோழமண்டலக் கரைத் தமிழர்கள் முன்வரிசை. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மரக்காயர்கள், வணிகர்கள், படகோட்டிகள், கூலியாட்கள். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த ஏடுகளில் சூலியா என்று வருபவர்கள் இவர்கள். இருபது வருஷத்தில் பினாங்கு பல மொழிப் பட்டணமாகிவிட்டது. சந்தையில் மலாய், கடையில் சீனம், துறைமுகத்தில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். பிள்ளைகள் தெருவில்.

பாதிரியாருக்கு வேலை என்ன? ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரருக்குப் பூசை செய்வது, பிறந்தவனுக்கு ஞானஸ்நானம், செத்தவனுக்கு அடக்கம். கம்பெனி அதற்குத்தான் சம்பளம் கொடுத்தது. அதோடு நின்றிருந்தால் அவர் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. ஹட்சிங்ஸ் நிற்கவில்லை. வந்து அதிக நாள் ஆவதற்குள், எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று திட்டம் எழுதி, ஆளுநர் வில்லியம் பெட்ரியின் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். 1816 ஜனவரியில் ஒரு குழு அமைந்தது. ஊரில் சந்தா திரட்டினார்கள். கம்பெனியும் உதவியது. அக்டோபரில், லவ் லேன் தெருவில் வாடகை வீட்டில் பள்ளி தொடங்கியது. பிறகு 1821இல் ஃபார்குவார் தெருவில் சொந்தக் கட்டடம். அதே இடத்தில் பின்னாளில் எழுந்த கட்டடத்தின் பாதி போர்க்காலக் குண்டில் போய்விட்டது. மீதிப் பாதிதான் பினாங்கு மாநில அருங்காட்சியகம் ஆனது.

அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது? இதை நிதானமாகக் கேளுங்கள். முதலாவது, ஆங்கிலம் எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது, கணக்கு. மூன்றாவது, வயது வந்ததும் பிழைப்புக்கு ஒரு கைத்தொழில். நான்காவது, யாருடைய மதத்தையும் புண்படுத்தக் கூடாது. ஐந்தாவது, மலாய்க்காரர், சீனர், சூலியா, அவரவர் பிள்ளைக்கு அவரவர் மொழியைத் தக்க ஆசிரியர் வைத்துக் கற்றுத்தர வேண்டும்.

1816இல் இதை ஒரு பாதிரியார் எழுதுகிறார். கவனியுங்கள். மதம் பரப்ப வந்தவர்கள் என்று நாம் சொல்கிறோமே, அந்த வகுப்பிலிருந்து ஒருவர், மதத்தைத் தொடாதே, மொழியைக் கொடு என்கிறார். அவர் மனதுக்குள் என்ன ஆசை இருந்திருக்கும் என்று நான் துருவப் போவதில்லை. பாதிரியாருக்கு இருக்கக்கூடிய ஆசை இருந்திருக்கும். ஆனால் பள்ளியின் விதி இப்படி இருந்தது. ஆங்கிலம் வேண்டும், தாய்மொழியும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடு என்று அவர் பெற்றோரிடம் கேட்கவில்லை.

அவரே மொழி மாணவர். மலாய் கற்றார். 1730களில் டச்சுக்காரர்கள் அச்சிட்ட மலாய் பைபிளைத் திருத்த வேண்டும் என்று கல்கத்தா போய் உட்கார்ந்தார். திருத்திய புதிய ஏற்பாடு 1817இலும் பழைய ஏற்பாடு 1821இலும் அச்சாயின. பினாங்கில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுவதற்கும் அவர் ஒரு காரணம். இன்றைக்கும் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. 1819இல் கல்கத்தா பிஷப் மிடில்டன் வந்து அதை அர்ப்பணம் செய்தார். பள்ளி, கோயில், மொழிபெயர்ப்பு என்று பதினைந்து வருஷத்துக்குள் ஒரு மனிதர் செய்த வேலை இது. 1827இல் பினாங்கிலேயே காய்ச்சலில் இறந்தார். பிரான்சிஸ் லைட் உறங்கும் அதே பழைய கல்லறைத் தோட்டத்தில், மர நிழலில் அவரும் இருக்கிறார். பினாங்குக்குப் போனால் நாகூர் தர்காவைப் பார்க்கிறோம், தண்ணீர்மலை முருகனைப் பார்க்கிறோம், சாப்பிடுகிறோம், திரும்புகிறோம். ஒருமுறை அந்தக் கல்லறைக்கும் போய் வாருங்கள்.

அந்தத் தமிழ் வகுப்பு என்ன ஆயிற்று? நிலைக்கவில்லை. ஆங்கில வகுப்பு வளர்ந்தது, ஆலமரமாயிற்று. துங்கு அப்துல் ரஹ்மான் படித்தார், பிளேக் நோயை எதிர்த்துப் போராடிய டாக்டர் வூ லியன் தே படித்தார், நம் எல்லாருக்கும் பிடித்த பி. ரம்லி படித்தார். தமிழ் வகுப்பு மட்டும் வாடிப்போயிற்று. ஆங்கிலம் படித்தவனுக்குக் கம்பெனியில் எழுத்தர் வேலை காத்திருந்தது. தமிழ் படித்தவனுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி இல்லை. திட்டத்தில் ஐந்து வாக்குறுதி இருந்தது; பணமும் வேலையும் ஒன்றின் பக்கம் போய்விட்டன. குற்றம் பாதிரியாருடையதா? இல்லை. அவர் ஒருவர், அவருக்குப் பின் அந்த ஐந்தாவது வாக்குறுதிக்குக் காவலாக நிற்க யாரும் இல்லை. நம் செட்டியார், மரக்காயர் பெரும் வணிகர்கள் கோயில் கட்டினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் பக்கம் அந்த அளவு பார்வை போகவில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

நூறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது இரண்டாம் பிறப்பு.

ரப்பர் வந்தது. ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்குப் போனார். ஆளைக் கட்டி வந்தார். குடும்பம் குடும்பமாக வந்தால்தான் ஆள் ஓட மாட்டான் என்று துரைமார்களுக்குப் புரிந்தது. குடும்பம் வர வேண்டுமானால் பிள்ளைக்கு ஏதாவது இருக்க வேண்டும். 1912இல், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு கூட்டு மாநிலங்களுக்கும் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். பள்ளி என்றால் என்ன? அதைச் சட்டம் பெரிதாக விளக்கவில்லை. கட்டடம் எப்படி இருக்க வேண்டும், வாத்தியார் என்ன படித்திருக்க வேண்டும் என்று கறாராகக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆகவே என்ன நடந்தது? லயத்துக் கோடியில், தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசியில், ஒரு அறை. பக்கத்தில் ஆயாக் கொட்டகை. அங்கே கைக்குழந்தை அழுகிற சத்தத்தில் இங்கே வாய்ப்பாடு. வாத்தியார் யார்? சில தோட்டங்களில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். காலையில் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிட்டு, கணக்கை முடித்து, மிச்ச நேரத்தில் பாடம். சில இடங்களில் கங்காணி. சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி. ஒரே அறையில் எல்லா வகுப்பும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்ல வேண்டும். திண்ணையிலிருந்து லண்டனுக்குப் போன சட்டாம்பிள்ளை, கப்பல் ஏறி மலாயாத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார், பாருங்கள்! மணலும் கூடவே வந்தது.

ஆனால் பினாங்குத் திட்டத்தின் ஆங்கிலம் வரவில்லை. கைத்தொழில் வரவில்லை. நான்காம் வகுப்பைத் தாண்டுவதே பல தோட்டங்களில் பெரிய காரியம். பத்து வயதில் பையன் புல்வெட்டப் போனான், பெண் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்றாள். அளந்து ஊற்றினார்கள் என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன். 1816இல் தமிழைக் கொடுத்தது அறிவுக்கு ஒரு வாசலாக. 1912இல் தமிழை மட்டும் கொடுத்தது, தோட்டத்து வேலியைத் தாண்டாமல் இருக்க. மொழி ஒன்றுதான், கொடுத்தவர் நோக்கம் வேறு.

நம் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் அளக்க வந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலை 1931இல் முடிந்தது. காட்டை வெட்டிச் சரிவில் தேயிலை நட்ட கைகள் யாருடையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் ஏற்கனவே இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், தோட்டத்துப் பள்ளிகள் வந்தன. போ தோட்டத்து இரண்டு பள்ளிகள், புளூவேலி, ரிங்லெட், தானா ராத்தா என்று இன்று நாம் சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது அந்த வரலாறு.

அதே காலத்தில் இதே மலையில் இன்னொரு பள்ளியும் எழுந்தது. 1934இல், மிஸ் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற அம்மையார் துரைமார் பிள்ளைகளுக்காக டாங்க்லின் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். குளிர்ந்த காற்று, விளையாட்டுத் திடல், இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியைகள். பிள்ளையைப் பிரிந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற வேண்டிய துயரம் இனி வேண்டாம் என்று துரைசானிகளுக்கு நிம்மதி. அந்தத் தாயின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே மலை, ஒரே பனி, ஒரே தேயிலை. ஒரு பிள்ளைக்கு அந்தப் பள்ளி. இன்னொரு பிள்ளைக்கு லயத்துக் கோடி அறை. ஹட்சிங்ஸ் 1816இல் எல்லா இனத்துப் பிள்ளைக்கும் ஒரே கூரை என்று நினைத்தார். நூற்றுப் பதினெட்டு வருஷம் கழித்து இந்த மலையில் இரண்டு கூரை.

இருந்தும் அந்த லயத்துக் கோடி அறையிலிருந்து என்ன வந்தது? கொழுந்து கிள்ளிய தாயின் மகள் ஆசிரியை ஆனாள். மருந்தடித்தவர் மகன் பொறியாளர் ஆனான். இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. இதைச் செய்தது சட்டம் இல்லை, துரை இல்லை. சம்பளமும் பட்டமும் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் பாடம் சொன்ன அந்தப் பெயர் தெரியாத வாத்தியார்கள். தன் வயிற்றைக் கட்டிப் புத்தகம் வாங்கிக் கொடுத்த பெற்றோர்.

இன்றைய நிலை என்ன? நாட்டில் 520க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். விடுதலை பெற்ற காலத்தில் 880க்கு மேல் இருந்தன. இருப்பவற்றில் பெரும்பகுதி, 150 பிள்ளைகளுக்கும் குறைவாகப் படிக்கும் பள்ளிகள். தோட்டத்தை விட்டு நம் மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். இன்று இந்தச் சரிவுகளில் கொழுந்து வெட்டுவதில் நேப்பாளத்துத் தம்பிகளும் வங்காள தேசத்துத் தம்பிகளும் நிறைய. வகுப்பறையில் நாற்காலி காலி. தெரிந்த விஷயம்தான், இதற்காக இங்கே நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறேன். இன்று நம் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளை என்ன படிக்கிறது? தமிழ் படிக்கிறது. மலாய் படிக்கிறது. ஆங்கிலம் படிக்கிறது. கணிதம், அறிவியல் படிக்கிறது. கணினியைத் தொடுகிறது. பினாங்குப் பாதிரியார் 1816இல் காகிதத்தில் எழுதி, நடத்த முடியாமல் போன திட்டத்தை, இன்று ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் நம் ஆசிரியர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, தமிழ்ப்பள்ளி தோட்டத்துப் பள்ளிதானே, நம் பிள்ளை அதைத் தாண்டிப் போக வேண்டாமா என்று யாராவது உங்களிடம் கேட்டால், அவர் 1912இன் கண்ணால் பார்க்கிறார் என்று அர்த்தம். ஆங்கிலத்தை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்று மல்காஸ்டரிடம் கேட்ட லண்டன்காரர்களின் வாரிசு அவர்!

அதற்காகப் பள்ளியில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அளவுகோலை உயர்த்துங்கள் என்கிறேன். பத்துப் பிள்ளைக்கு ஓர் அறை என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள். மூன்று மொழியும் கணக்கும் ஒரு கைத்தொழிலும் நம் பிள்ளைக்குச் சரியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை நிறம் பேசுகிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். ஐந்தாவது வாக்குறுதிக்குப் பினாங்கில் காவல் ஆள் இல்லாமல் போயிற்று. இங்கே அப்படி ஆகக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹட்சிங்ஸின் பெயர் நமக்குத் தெரிகிறது; பெல்லின் பெயர் தெரிகிறது; பெல்லிடம் படித்த எட்டு வயதுப் பையன் பெயர்கூடத் தெரிகிறது. காரணம், அவர்கள் எழுதி வைத்தார்கள். இந்த மலையின் தோட்டத்துப் பள்ளிகளில் முதல் முப்பது வருஷம் பாடம் சொன்ன நம் வாத்தியார்கள் எத்தனை பேரின் பெயர் நம்மிடம் எழுத்தில் இருக்கிறது? வீட்டுப் பெட்டியில் பழைய பள்ளிப் படம் இருக்கும். தாத்தாவின் சான்றிதழ் இருக்கும். வருகைப் பதிவேட்டின் கிழிந்த பக்கம் இருக்கலாம். பாட்டியிடம் கேட்டால், “எங்க வாத்தியார் பேரு இது, அவரு இந்த ஊரு” என்று சொல்வார். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவந்து உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. இந்த வாரமே தொடங்குங்கள்.